கடுவனுக்கு எதற்கு ஆபரேஷன்?

மாதர் கூட்டத்தில் போஷாக்கு, சேமிப்பு என்று பேசுவதற்கு மடுல்சீமைத் தோட்டங்களுக்குப் போவேன். பேச்சு எப்படியோ நாய்களில் வந்து நிற்கும். "சின்னதுல புள்ள மாதிரி இஸ்தோப்புலயே கெடந்துச்சு மிஸ், இப்ப ராத்திரில தங்குறதே இல்ல" என்பார்கள். விசாரித்தால் எட்டு, ஒன்பது மாதக் கடுவனாக இருக்கும்.

கடுவன் ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் பருவத்துக்கு வருகிறது. காலைத் தூக்கிச் சிறுநீர் விட்டு எல்லை போடும். மற்றக் கடுவனைக் கண்டால் உறுமும். பெட்டைக்கு வருடத்தில் இரண்டு தடவையளவில், ஏறத்தாழ மூன்று வாரம்தான் பருவகாலம். கடுவனுக்கு அப்படியொரு காலமே கிடையாது. மேல் டிவிசனில் ஒரு பெட்டைக்குப் பருவமென்றால், வாடையைப் பிடித்துக்கொண்டு கீழ் டிவிசன் கடுவன்களும் போய்விடும்.

இணைந்து நிற்கும் நாய்களுக்குப் பிள்ளைகள் கல்லெறிவதையும், பெரியவர்கள் சுடுதண்ணீர் ஊற்றுவதையும் பார்த்திருக்கிறேன். கடுவனின் உறுப்பு உள்ளே வீங்குவதால் அவை உடனே பிரிய முடியாது. சிலவேளை அரைமணி நேரமும் ஆகும். அடித்துப் பிரித்தால் இரண்டுக்குமே காயம். முகத்தைத் திருப்பிக்கொள்வதைவிட, இதைப் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

சண்டையில்தான் ஆபத்து. நாலைந்து கடுவன்கள் கடித்துக்கொள்ளும்போது நடுவில் அகப்படுவது மலைக்குப் போகும் பெண்ணும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும். விசர்நோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் ஒரு பேர் போய்விடுமே என்று மஞ்சளை அப்பிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

நம் நாட்டில் இந்நோய்க்கென்று 1893ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை 2006இல் அரசாங்கம் நிறுத்தியது. வருடந்தோறும் தடுப்பூசி, அதோடு கருத்தடை, இவைதான் இப்போது வழி.

கருத்தடை என்றதும் பெட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கடுவனைக் கேட்டால், "அதுக்கு எதுக்கு? காவல் போயிரும்" என்று ஆண்கள் மறிப்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. ஊரில் ஒரு கடுவன் மிஞ்சினாலும் எல்லாப் பெட்டையும் குட்டி போடும். ஆகவே குட்டிகளைக் குறைக்கப் பெட்டைக்குச் செய்வதுதான் முதல். ஆனால் அலைச்சலும் சண்டையும் குறையக் கடுவனுக்குத்தான் செய்ய வேண்டும். இணைசேரும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் ஒருவகைப் புற்றுக்கட்டியும் உண்டு. ஊர் சுற்றாத நாய்க்கு அந்தப் பயம் குறைவு. மயக்க மருந்து கொடுத்துத்தான் விதைகளை எடுப்பார்கள். குணம் ஒரே நாளில் மாறாது. சில வாரங்களுக்குக் கருப்பிடிக்கச் செய்யும் சக்தியும் மிச்சமிருக்கும், அதனால் கட்டி வைக்க வேண்டும். குரைப்பது நிற்காது. பயத்தில் கடிக்கும் நாய் பிறகும் பயத்தில் கடிக்கத்தான் செய்யும்.

உண்மையான தடை வேறு என்று நினைக்கிறேன். தோட்டத்தில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணுக்கு எல்.ஆர்.டி. என்றுதான் பழக்கம். ஆணுக்குச் செய்யும் சத்திரசிகிச்சை அதைவிடச் சிறியது. ஆனாலும் அதற்கு முன்வந்த ஒருவரையும் என் வேலையில் நான் சந்தித்ததில்லை. இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஓர் அக்கா, "ஆம்பளைக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாது மிஸ், அது நாயா இருந்தாலும்" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அந்த லயத்துக் கடுவனுக்கு நான்கு வீட்டில் சோறு. ஆனால் சொந்தக்காரர் என்று யாருமில்லை. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால் யாராவது பொறுப்பேற்க வேண்டுமே? கடைசியில் பென்சன் எடுத்த ஒரு பாட்டி, "என் பேர எழுதுங்க" என்றார். எழுதிக்கொண்டேன். பசறைக்குப் போக ஓட்டோ காசில் பாதி சேர்ந்திருக்கிறது. நாயைப் பிடித்துத் தருவதாகப் பாட்டியின் பேரன் சொல்லியிருக்கிறான். அவனுடைய அப்பாவுக்கு மட்டும் இன்னும் மனமில்லை.