பிரவுண் ஏலும் அப்புவின் முட்டியும்

முதலாம் வருடம் ஹொஸ்டலில் ஒரு இரவு, யார் யாருடைய தாத்தா என்ன தொழில் செய்தவர் எண்டு கதை வந்தது. ஒருத்தி வாத்தியார் எண்டாள், ஒருத்தி தபால் கந்தோர் எண்டாள். என் முறை வந்தபோது யோசிக்காமலே "கமம்" எண்டு சொல்லிவிட்டேன். அது பொய். இந்தக் கட்டுரை அந்தப் பொய்யைப் பற்றியது. ஆனால் ஒரு பியரில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

போன வருடம் மாமாவின் மகளின் கல்யாணத்துக்கு அம்மாவும் நானும் ஆறு கிழமை இங்கிலாந்து போயிருந்தோம். மாமா நியூகாசிலில் இருக்கிறார், தொண்ணூறுகளில் ஊரைவிட்டுப் போனவர். அந்த ஊரின் பெயரிலேயே ஒரு பிரவுண் ஏல் இருக்கிறது. 1927இல் அங்கே தொடங்கியது, இப்போது அந்த நகரத்தில் காய்ச்சுவதில்லை. மாமாவுக்கு அதில் ஒரு கவலை. "ஊர்ப் பெயர் போத்தலில, போத்தல் வேற ஊரில" எண்டு சொல்லிச் சிரிப்பார். பத்து வருடமாக வீட்டிலேயே தன்னுடைய பிரவுண் ஏலைச் செய்கிறார்.

அவர் செய்தது கிட். ஒரு டின்னுக்குள் பனம்பாணி மாதிரிக் கறுத்த பாகு, கசப்புக்கான ஹொப்ஸும் ஏற்கனவே சேர்த்திருக்கும். வாளியில் ஊற்றி, ஒரு கிலோ சீனியும் தண்ணியும் விட்டு, ஈஸ்ட் பக்கற்றைத் தூவி மூடினால் சரி. அரை மணித்தியால வேலை.

"மாமா, இந்தப் பாகு எதால செய்யிறது?" எண்டு கேட்டேன்.

"மோல்ட்."

"மோல்ட் எதால?"

"பார்லியை முளைக்க விட்டுக் காயவைக்கிறது பிள்ளை. அதை ஊறவைச்சு எடுக்கிற சாறைத்தான் வத்தவைச்சு டின்னில அடைக்கிறாங்கள். தானியத்தில இருந்து நாங்களே செய்யலாம், ஒரு நாள் மினக்கெடவேணும். எனக்கு இவ்வளவு காலமும் பயம்."

வந்த முதல் கிழமையே நாலு கிலோ வெளிர் மோல்ட், 300 கிராம் கிறிஸ்டல் மோல்ட், 250 கிராம் சொக்லேட் மோல்ட் வந்து இறங்கியது. சொக்லேட் மோல்ட் எண்டால் சொக்லேட் இல்லை, கறுக்க வறுத்த பார்லி. ஏலின் மண்ணிறம் அதில் இருந்துதான் வருகிறது. சாக்கைத் திறந்ததும் வீடு முழுக்க நெஸ்டமோல்ட் வாசம்.

உடைக்காத தானியம் மலிவு எண்டு மாமா அதை வாங்கியிருந்தார். முதல் கிலோவை மாமியின் கிரைண்டரில் போட்டு அரைத்தோம். மாவாகிவிட்டது. பிறகுதான் விஷயம் விளங்கியது. உமி முழுசாக இருக்க வேண்டும், அதுதான் வடிகட்டி. மாவானால் களியாகி அடைத்துக்கொள்ளும். அதுவரை குசினி வாசலில் பேசாமல் நின்ற அம்மா வந்து, "தள்ளு, உது இடிக்கிற பதம், அரைக்கிற பதமில்லை" எண்டு பொத்தானைத் தட்டித் தட்டி விட்டா. மிச்சம் எல்லாம் இரண்டு மூன்றாகப் பிளந்து அழகாக வந்தது.

அடுத்தது ஊறவைத்தல். தண்ணியை 72 பாகைக்குச் சூடாக்கித் தானியத்தைக் கொட்டினால் 67க்கு இறங்கும். அதிலேயே ஒரு மணித்தியாலம் வைத்திருக்க வேண்டும். முளைக்கும்போது தானியத்துக்குள் உருவான நொதியங்கள் அந்தச் சூட்டில் மாப்பொருளை வெல்லமாக உடைக்கின்றன. சூடு கூடினால் நொதியம் அழிந்துபோகும், நல்லாக் குறைந்தால் வேலை இழுபடும். மாமா போர்வையால் பானையைச் சுற்றிக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். முடிந்ததா எண்டு பார்க்க அயடின் ஒரு துளி. ஓ.எல் விஞ்ஞானத்தில் செய்த அதே சோதனைதான். கருநீலமானால் மாப்பொருள் மிச்சம் இருக்கிறது. எங்களுடையது நிறம் மாறவில்லை. ஒரு கரண்டி எடுத்து ருசித்தேன். சீனி ஒரு கரண்டிகூடப் போடாமல் அப்படி ஒரு இனிப்பு!

வடிக்க மாமாவின் பழைய வேட்டி. மாமி "கோயிலுக்குக் கட்டினது" எண்டு கத்தினா. அந்த ஒரு கிலோ மாவின் புண்ணியத்தில் வடிய வடிய இழுத்தது. இரண்டு பேர் பிடித்துத் தூக்கிப் பிழிந்தோம். பிறகு ஒரு மணித்தியாலக் கொதி, தொடக்கத்திலேயே 40 கிராம் கோல்டிங்ஸ் ஹொப்ஸ், குளியல் தொட்டியில் ஐஸ் போட்டு 20 பாகைக்கு ஆறவைத்து ஈஸ்ட். ஹைட்ரோமீட்டர் 1.046 காட்டியது. காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை ஐந்தரை ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் வாளி "பிளப், பிளப்" எண்டு மூச்சுவிட்டது. தண்ணி குடிக்க வந்த அம்மா அதற்குப் பக்கத்தில் நின்றுவிட்டா. கனநேரம் நின்றா.

"அப்புவின்ர முட்டி மணக்குது" எண்டா.

அப்பு, அம்மாவின் அப்பா, வடமராட்சியில் சீவல் தொழில் செய்தவர். எனக்கு அது தெரியும், ஆனால் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த இரவு அம்மா முதல்தரமாகச் சொன்னா. காலையும் பின்னேரமும் தளைநார் போட்டு ஏறுவாராம். பாளையை மெல்லிசாகச் சீவுவாராம். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, அது கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் தானாகவே நொதித்துக் கள். பார்லிக்கு நாங்கள் ஒரு நாள் முழுக்க மினக்கெட்டு உண்டாக்கின இனிப்பைப் பனை தானே தருகிறது. ஆனால் அதை எடுக்க ஒரு மனிசன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

மாமா பள்ளிக்கூடத்தில் தொழிலின் பெயரால்தான் கூப்பிடப்பட்டவராம். தொழிலின் பெயர் எண்டால் சாதியின் பெயர். அதே மாமாவை இப்போது வேலையிடத்து வெள்ளைக்காரர்கள், வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறார் எண்டு மெச்சுகிறார்கள். இங்கிலாந்தில் 1880இல் இருந்து வீட்டில் காய்ச்ச அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது, 1963இல் அதை நீக்கினார்கள். இப்போது அது பொழுதுபோக்கு. எங்கள் நாட்டில் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது, அனுமதி இல்லாமல் மதுபானம் செய்வது குற்றம். அதனால் இதை வாசித்துவிட்டு வாளி வாங்க ஓடாதீர்கள். குடியால் அழிந்த வீடுகள் என் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. கள்ளைப் புகழ நான் இதை எழுதவில்லை. ஆனால் குடித்தவனின் சாதியை யாரும் கேட்டதில்லை, இறக்கினவனின் சாதியைத்தான் கேட்டார்கள்.

இரண்டு கிழமை நொதித்து, சொட்டுச் சீனியோடு போத்தலில் அடைத்து, இன்னும் இரண்டு கிழமை. கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டார் சாப்பாட்டுக்கு வந்த அன்று மாமா முதல் போத்தலைத் திறந்தார். கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் வறுத்த பாண் கரை மாதிரி ஒரு ருசி. சம்பந்தி ஒரு மிடறு குடித்து, "நல்லாயிருக்கு. உங்கட அப்பா ஊரில என்ன செய்தவர்?" எண்டு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"கமம்" எண்டார் மாமா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னுடைய அதே சொல், அதே வேகம்.

அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னா. "அப்பு கள்ளுச் சீவினவர். அந்தக் காசிலதான் அண்ணை படிச்சவர்."

எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேட்டது. சம்பந்தி "ஓ" எண்டார். பிறகு ஃபுட்போல் கதை தொடங்கியது. அவர்கள் போன பிறகு பார்த்தேன், அவருடைய கிளாஸில் பாதி மிச்சம் இருந்தது. பியர் பிடிக்கவில்லையோ, கார் ஓட வேண்டும் எண்டோ, வேறு காரணமோ தெரியாது. மாமா அந்தக் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "தங்கச்சி, நீ சொன்னது நல்லது" எண்டார். சத்தமில்லாமல்தான் சொன்னார்.

திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. ஹொஸ்டலில் அன்றைக்கு இருந்த ஐந்து பேரும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்கள். அதனால் இங்கேயே சொல்கிறேன். என்ர அப்பு கமக்காரர் இல்லை. சீவல் தொழிலாளி. நாளுக்கு இரண்டு தரம் பனை ஏறினவர்.