பனி பெய்யாத சர்ச்

எங்கள் சிவகாசியில் வருஷத்துக்கு ஒருதடவை பனி பெய்யும். காலண்டரில்!

ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் ரிலீஸ் ஆகும். முருகன், லட்சுமி, கொழுகொழு குழந்தை எல்லாம் முடிந்து கடைசியில் நாலு சர்ச் படம் வரும். நாலும் இங்கிலாந்துக் கிராமத்துச் சர்ச். கூர் கோபுரம், கல் சுவர், கூரையில் கோலமாவு தூவின மாதிரி பனி. வெளியே தார் ரோடு உருகும் வெயிலில், பனியனோடு நின்று இந்தப் பனியை அச்சடிப்போம்.

போன சீசனில் திசையன்விளைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் ஆர்டர் கொடுக்க வந்தார். ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "ஏம் தம்பி, எங்க இடையன்குடி கோயிலை விட இது என்னத்துல உசத்தி?" என்றார். முதலாளி அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் வெறும் கணக்குப்பிள்ளைதான் சார். ஆனால் காமிரா வைத்திருக்கிற கணக்குப்பிள்ளை. பஸ் காசைக் கொடுத்து, "போய் எடுத்துட்டு வா" என்றுவிட்டார்.

வீட்டில் சொன்னதும் தாத்தாவுக்கு முகம் மாறியது.

"கால்டுவெல் கட்டின கோயிலா? நம்ம சனத்தைப் பத்தி அந்த மனுசன் என்ன எழுதினாருன்னு தெரியுமாடா?"

தெரியும். 1849ல் வந்த 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற இங்கிலீஷ் புத்தகம். பனையேறிகளை மட்டம் தட்டி, இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றும் எழுதியிருந்தார். பின்னால் படித்து மேலே வந்த நாடார்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு எங்கள் வீட்டில் இன்னும் ஆறவில்லை.

"அவர்தானே தாத்தா திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதினார்? 1856ல். மெரினாவுல சிலையே இருக்கே!"

"சிலைக்கு நீ மாலை போடு. நான் போடலை."

மறுநாள் திருநெல்வேலி போய், திசையன்விளை பஸ் பிடித்து, இடையன்குடியில் இறங்கினேன். செம்மண் தேரி, பனைமரம், அளந்து போட்ட மாதிரி நேர்த் தெருக்கள். நடுவே இங்கிலாந்து! பனி மட்டும்தான் பாக்கி.

கூர்வளைவு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் கோயில் மண்டபத்தில் இரண்டு தூண், மேலே குறுக்கே ஒரு கல். கதை முடிந்தது. இது வேறு கணக்கு. சின்னச் சின்னக் கல்லாக இரண்டு பக்கமும் வளைந்து ஏறி, உச்சியில் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். கூர்வளைவு அதில் பெரும்பங்கைக் கீழே இறக்கிவிடும். அதனால் சுவரில் தைரியமாகப் பெரிய ஜன்னல் வைக்கலாம். 12ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவில் இதுதான் ஸ்டைல். நம் கொத்தனார்களுக்குப் புதுசு. அதனால் கால்டுவெல் களிமண்ணில் மாதிரி செய்து காட்டி வேலை வாங்கினாராம். இலக்கணக்காரர் கையில் களிமண்! அதை மட்டும் ஒரு போட்டோ எடுத்திருக்க வேண்டும்.

கட்டி முடிக்க 33 வருஷம். 1847ல் ஆரம்பித்து 1880ல் பிரதிஷ்டை. நீங்கள் ஆபீசில் சேர்ந்து, இன்க்ரிமென்ட்டுக்குச் சண்டை போட்டு, ரிட்டயராகிற காலம். நடுவில் தாது வருஷப் பஞ்சம் வேறு. இங்கிலாந்தில் இதெல்லாம் சகஜம். ஒரு நூற்றாண்டில் கூடம், அடுத்த நூற்றாண்டில் கோபுரம் என்று சாவகாசமாகக் கட்டின கிராமத்துச் சர்ச்சுகள் நிறைய.

சட்டென்று ஒரு கணக்கு உதைத்தது. அஸ்திவாரம் 1847. புத்தகம் 1849. அதாவது, வெளியே ஜனங்கள் கல் சுமந்துகொண்டிருந்தபோதே, உள்ளே அதே ஜனங்களைப் பற்றி அந்தப் புத்தகம் தயாராகியிருக்கிறது!

1891ல் கொடைக்கானலில் இறந்த அவரை இங்கே கொண்டுவந்து ஆல்டருக்குக் கீழே அடக்கம் செய்திருக்கிறார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் தயங்கித் தயங்கி, "ஐயா, அந்தப் புத்தகம்..." என்று இழுத்தேன்.

"எங்க வீட்டுலயும் பேசுவாக. வருத்தம்தான். ஆனா பஞ்சத்துல கூட இருந்ததும் அவர்தான், பள்ளிக்கூடம் வச்சதும் அவர்தான். எல்லாத்தையும் சேத்துத்தான் பேசுவோம்" என்றவர், "அந்தத் தூணைத் தடவிப் பாருங்க" என்றார். "எங்க பூட்டன் இதுக்குக் கல் சுமந்தவரு."

தடவிப் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது.

படம் நன்றாகவே வந்தது. ப்ரூஃபை வீட்டுக்குக் கொண்டுபோனேன். தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கீழே 'பிஷப் கால்டுவெல் கட்டிய ஆலயம்' என்று ஒரு வரி.

"கல் சுமந்தது யாருடா?"

"நம்ம சனம்தான் தாத்தா. அங்கயே சொன்னாங்க."

"அப்ப அதையும் போடச் சொல்லு."

பிளேட் போட இன்னும் நாலு நாள் இருந்தது. திசையன்விளைக்கு போன் போட்டேன்.