போன வருடத்துப் பூ

ஜப்பானில் அண்ணாந்து பார்க்கும் சகுரா வேறு, வாயில் போடும் சகுரா வேறு. மார்ச் கடைசியில் தோக்கியோவை வெளுக்கடித்துவிட்டு ஒரு வாரம் பத்து நாளில் கொட்டிப்போகும் சோமெய் யோஷினோ வகையை யாரும் பறித்துச் சமைப்பதில்லை. அது உதிர்ந்து, கூட்டமும் கேமராக்களும் வீடு திரும்பிய பிறகு, ஏப்ரல் நடுவில் கன்சான் என்ற வகை பூக்கும். பூவுக்கு இருபது முதல் ஐம்பது வரை இதழ். அடர்ந்த ரோஜா நிறம். கிளை தாங்காமல் தொங்கும் கொத்து. சூல்பகுதி சின்ன இலைகளாக மாறிப்போயிருப்பதால் காய் பிடிப்பதில்லை. பூவைப் பறித்தால் பழம் போச்சே என்று யாரும் கவலைப்பட வேண்டாத மரம். உப்பில் ஊறுவதும் வெந்நீரில் மிதப்பதும் பெரும்பாலும் இந்தக் கன்சான்தான்.

என் ஏக்கம் இந்தப் பிந்தி வரும் பூவின் மேல். ஊர் திரும்பி எத்தனையோ வருடமாகிவிட்டது, இன்றைக்கும் கேட்பவர்கள் எல்லாம் "சகுரா பார்த்தீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். பார்த்தேன். பார்த்தது போனில் படமாக இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக் காட்டலாம். தின்றதை எப்படிக் காட்டுவது?

கணவரின் வேலைக்காக நாங்கள் குடியிருந்தது கானகாவா மாகாணத்தின் ஹதானோவில். ஷின்ஜுகுவிலிருந்து ஒதாவாரா போகும் ஒதாக்யூ ரயில் பாதையில், தன்சாவா மலைகளின் அடிவாரம். ஷிபுசாவா ஸ்டேஷனில் இறங்கி மேடு ஏறினால் சிமுரா என்ற பகுதி. ஜப்பான் முழுக்கப் போகும் உப்புப் பூவில் பெரும்பங்கு இந்தச் சுற்றுவட்டாரத்துப் பூ. ஆனால் பெரிய தோப்பு எதையும் தேடிப் போனால் ஏமாற்றம்தான். சாலையோரத்தில் நாலு, காட்டு வரப்பில் ஐந்து, வீட்டுப் பின்புறத்தில் ஒன்று என்று மரங்கள் சிதறிக்கிடக்கும். ஏப்ரல் பாதியானதும் ஏணிகள் வெளியே வரும். ஏறுகிறவர்களில் பலர் என் மாமியாரைவிட மூத்தவர்கள். அந்த வயதில் ஏணி உச்சியில் நின்று, கீழே நிற்பவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே இரண்டு கையாலும் பறிப்பார்கள். நான் கீழே நின்று பயந்துகொண்டிருப்பேன்.

முழுதாக மலர்ந்த பூவை எடுக்க மாட்டார்கள். உப்பில் போட்டால் இதழ் கழன்றுவிடும். முக்கால்வாசி விரிந்ததாகப் பார்த்து, காம்போடு, முடிந்தால் ஒரே காம்பில் இரண்டு பூ இருப்பதாக எடுப்பார்கள். இரட்டைப் பூவுக்குக் கல்யாண வீடுகளில் மதிப்பு அதிகம்.

பக்கத்து வீட்டு அம்மாள் பறிப்புக்குப் போகிறவர். வீட்டுத் தேவைக்கும் கொஞ்சம் போட்டுக்கொள்வார். அலசி, நீர் வடித்து, உப்பில் பிசிறி, மேலே கனம் வைப்பார். பூ தன் தண்ணீரை விட்டுச் சுருங்கியதும் பிழிந்துவிட்டு, உமெ நீரை ஊற்றுவார். உமெ என்ற காயை உப்பில் போட்டு ஊறுகாய் செய்யும்போது தானாக ஊறிவரும் கடும்புளிப்புத் தண்ணீர் அது. அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் பூவின் நிறம் நிற்காது, பழுப்பேறிவிடும். அமிலம் பட்டதும் ரோஜா நிறம் தெளிந்து நிலைத்துவிடும். சில நாள் ஊறிய பிறகு மூங்கில் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தி, மறுபடி உப்புத் தூவி ஜாடியில் அடைத்துவிடுவார். பக்கத்து ஒதாவாராவில் சோகா என்ற இடம் உமெத் தோப்புகளுக்குப் பேர்போனது, அதனால் அங்கே உமெ நீருக்குப் பஞ்சமில்லை.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது காலக்கணக்கு. உமெ அறுவடை ஜூனில். அந்த ஜூன் மாதத்துப் புளிப்பு, அடுத்த ஏப்ரல் பூவுக்காகக் காத்திருக்கிறது. ஏப்ரலில் போட்ட பூ ஜாடிக்குள் அதற்கடுத்த வசந்தத்துக்காகக் காத்திருக்கிறது. ஆக, மரத்தடியில் நீலத் தார்ப்பாய் விரித்து, தலைக்கு மேல் இந்த வருடப் பூவைப் பார்த்தபடி பூப்பார்க்க வருகிறவர்கள் மெல்லுவது போன வருடத்துப் பூ. அங்கே யாரும் இதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லிக் கேட்டதில்லை. சரக்கு அப்படித்தான் வரும், அவ்வளவே.

சுவை? முதலில் உப்பு. அதற்குப் பின்னாலேயே உமெயின் புளிப்பு. இரண்டும் அடங்கிய பிறகுதான், மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில் எங்கேயோ, பூ. சகுராயு என்று ஒரு பானம் இருக்கிறது: மேல் உப்பைத் தட்டிவிட்டு, கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்து, கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றுவது. சுருண்டு கிடந்த பூ கண்முன்னே இதழ் இதழாகப் பிரிந்து மிதக்கும். அதைப் பார்த்து இனிப்பை எதிர்பார்த்துக் குடிப்பவருக்கு முதல் மடக்கில் முகம் மாறிவிடும். கல்யாணப் பேச்சு முடிவாகும் நாளிலும் கல்யாணத்திலும் விருந்தினர்க்குக் கொடுப்பது இதைத்தான். பச்சைத் தேநீர் கலங்கலாக இருக்கும், கலங்கல் அன்றைக்கு ஆகாது என்பது அவர்கள் சம்பிரதாயம். குடித்து முடித்து அடியில் கிடக்கும் பூவையும் மென்றுவிட வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட சம்பிரதாயம்.

ஆனால் கடையில் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாலும் "இது சகுரா" என்று சொல்லவைக்கும் அந்த வாசம் பூவுடையது அல்ல, இலையுடையது. அதிலும் பச்சை இலையைக் கசக்காமல் முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. கூமரின் என்ற பொருள் இலைக்குள் சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிறது. உப்பில் ஊறித் திசுக்கள் உடையும்போதுதான் அவிழ்ந்து வெளிவருகிறது. அறுத்துக் காயப்போட்ட புல்லிலும் இதே கூமரின்தான் மணக்கிறது. இலைக்கென்று தனி மரம், ஒஷிமாசகுரா. இலையில் முடி இல்லை, மென்மையானது. இஸு தீபகற்பத்தின் மேற்குக் கரையில் மட்சுசாகி என்ற சிற்றூர் ஜப்பானின் உப்பிலையில் சுமார் 70 சதவீதத்தைத் தருகிறது. அங்கே சகுராவை மரமாக வளரவே விடுவதில்லை. குளிர்காலத்தில் அடியோடு வெட்டிவிட்டுப் புதராகத் துளிர்க்க விட்டு, மே முதல் ஆகஸ்ட் வரை இலை கிள்ளுகிறார்கள். ஐம்பது ஐம்பதாகக் கட்டி, ஆளுயரம் தாண்டும் மரப்பீப்பாய்களில் உப்போடு அடுக்கி, அரை வருடம் போல மூடிவைக்கிறார்கள். ஜன்னலில் கடல் தெரிகிற பஸ்ஸில் ஒருமுறை அந்த ஊருக்குப் போனோம். பூக்காத சகுராவைப் பயிராகப் பார்த்தது அங்கேதான்.

இலையின் கதை பழையது. எடோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், சுமிதா ஆற்றங்கரையில், சோமெய்ஜி கோயிலின் வாயிற்காவலராக இருந்த யமமோத்தோ ஷின்ரோக்கு என்பவர், கரையோரச் சகுராக்களின் இலையை உப்பில் போட்டு, பயற்றுப் பூரணம் வைத்த பண்டத்தைச் சுற்றி விற்கத் தொடங்கினார். ஆண்டு 1717. சகுராமோச்சி அப்படிப் பிறந்தது. குப்பையாகக் கூட்டித் தள்ள வேண்டிய இலையை விலைபோக வைத்த அந்தக் காவலரை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வரும். நூறு வருடம் கழித்து, எழுத்தாளர் பாக்கின் தொகுத்த குறிப்புகளில் இந்தச் சகுராமோச்சிக் கடையின் 1824ஆம் வருடக் கணக்கு இருக்கிறது: 31 பீப்பாய், பீப்பாய்க்கு 25,000 என்று மொத்தம் 7,75,000 இலை, பண்டத்துக்கு இரண்டு இலை வீதம் 3,87,500 சகுராமோச்சி. ஹைக்கூக் கவிஞர் மசவோக்கா ஷிக்கி 1888 கோடையில் இந்தக் கடையின் மாடியில்தான் வாடகைக்குத் தங்கியிருந்தார். மாணவன் ஒருவன் தங்குவதற்கு அதைவிட ஆபத்தான இடம் உண்டா? கடை இன்றும் அதே கரையில் நடக்கிறது.

இந்தச் சகுராமோச்சிக்குக் கிழக்கே கோதுமை மாவில் மெல்லிய அடை வார்த்துச் சுருட்டுகிறார்கள். மேற்கே ஒசாகா, கியோட்டோ பக்கம், பசையரிசியை அவித்து உலர்த்தி உடைத்த தோமியோஜி நொய்யில் உருட்டுகிறார்கள். அரிசிக்காரி என்பதால் என் ஓட்டு மேற்குக்கு, அதை அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கடைசிவரை சொல்லவில்லை. இலையோடு தின்பதா, உரித்துவிட்டுத் தின்பதா என்பது ஜப்பானியர்களுக்குள்ளேயே தீராத வழக்கு. என் கணவர் உரிப்பார். உரித்த இலையை நான் எடுத்துக்கொள்வேன்.

கின்சாவில் கிமுராயா ரொட்டிக்கடையின் சகுரா அன்பானையும் சொல்ல வேண்டும். சாக்கேயின் நொதியில் உப்பவைத்த ரொட்டி, உள்ளே பயற்றுப் பூரணம், உச்சியில் அழுத்திய குழியில் ஒரு உப்புப் பூ. 1875 ஏப்ரல் 4 அன்று மெய்ஜி பேரரசர் பூப்பார்க்கப் போனபோது அவருக்காக முதன்முதலாகச் செய்து வைத்தது. யோஷினோ மலையிலிருந்து வரவழைத்த பூ அது. இனிப்புக்கு நடுவில் அந்த ஒரு குழி உப்பு இல்லையென்றால் அது வெறும் பன்.

பிப்ரவரியில், மொட்டுக்கூட எட்டிப்பார்க்காத குளிரில், கடைகள் முழுக்க ரோஜா நிறமாகிவிடும். சாக்லேட், வறுவல், பீர், காப்பிக்கடைப் பால் பானம் என்று கை வைத்ததெல்லாம் சகுரா. பலவற்றில் சாயமும் வாசனைத் துளியும்தான். அப்போது அதைக் கிண்டலடிப்பேன். இப்போது அந்தப் போலி ரோஜா நிறத்துக்கும் சேர்த்து ஏங்குகிறேன், என்ன செய்ய! (சைவக்காரர்களுக்கு ஒன்று: பெயரில் சகுரா இருப்பதெல்லாம் பூ என்று நம்பிவிடாதீர்கள். சகுரா இறைச்சி என்றால் குதிரைக்கறி.)

இங்கே கோயம்புத்தூரில் ஜப்பானிலிருந்து யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் ஒரு பாக்கெட் உப்புப் பூ கேட்டுவிடுவேன். "பூவா?" என்று இரண்டு தடவை உறுதிசெய்துகொண்டு, கூடவே பாதுகாப்புக்கு ஒரு பெட்டி சாக்லேட்டும் வாங்கி வருவார்கள். பூ நன்றாகவே இருக்கிறது, வெந்நீரில் அதே மாதிரி விரிகிறது. ஆனால் அந்தப் பூவுக்கு மேலே இன்னொரு பூ வேண்டும். போன வருடத்தை மென்றுகொண்டே இந்த வருடத்தைப் பார்க்க ஒரு மரம் வேண்டும். மரம் இல்லாத இடத்தில், எந்த மாதத்தில் பாக்கெட்டைப் பிரித்தாலும், அது போன வருடத்துப் பூவாக மட்டும் நின்றுவிடுகிறது.

போன தடவை வந்த பாக்கெட் நான் நினைத்ததைவிட வேகமாகக் குறைந்தது. விசாரித்ததில், மத்தியானம் தயிர்சாதத்துக்கு அத்தை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உப்புத் தூக்கலாத்தான் இருக்குது கண்ணு. ஆனா ஒரு தட்டுச் சோத்துக்கு நாலு பூவாச்சும் வேணுமில்ல? வர்றவங்ககிட்ட இனிமே ரெண்டு பாக்கெட்டாச் சொல்லி உடு."