பெயர் மீட்கும் தொண்டர்

பாட்டன் பெயரைத் தாங்கி வருபவன் பெயரன். அச்சொல்லே நாளடைவில் பேரன் ஆயிற்று என்பது தமிழ் பயில்வோர் அறிந்தது. கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த அஷ்கெனாசி யூதரிடமும் இதனை ஒத்த வழக்கம் ஒன்று உண்டு. உயிரோடிருப்பவர் பெயரை அவர்கள் பிள்ளைக்கு இடுவதில்லை. மறைந்த பாட்டன், பாட்டி முதலிய முன்னோரின் பெயரையே இடுவர். இதனால் ஒரே குடும்பத்தில் மோஷே, ஹயிம், சாரா, ரிவ்கா என்னும் பெயர்கள் தலைமுறைதோறும் சுழன்று வரும். பாட்டன் ஒருவர் மறைந்தபின் பிறந்த பெயரர் ஐவர் ஒரே பெயரினராய் விளங்குவதும் உண்டு. கல்லறைக் கல்லிலும் இன்னாரின் மகன் இன்னார் என்றே பொறிப்பர். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் எழுதும் தமிழருக்கு இது புதுமையாகத் தோன்றாது. இத்தகைய கற்களை நம் நாட்டிலேயே காணலாம். பினாங்கில் ஜாலான் யஹூடி என வழங்கிய சாலை பின்னர் ஜாலான் ஜைனல் அபிடின் எனப் பெயர் மாறியது. ஆயினும் அங்குள்ள யூதர் கல்லறைத் தோட்டம் அதே இடத்தில் இருக்கின்றது.

பெயரைப் பேணுவதில் இத்துணைக் கருத்துடைய மக்களிடமிருந்து பெயர்களே பறிபோயின. 1933 முதல் 1945 வரை நாஜிகள் கொன்றொழித்த யூதர் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். ஒரு வீட்டில் எண்மர் வாழ்ந்து எண்மரும் மாண்டால் அவர் பெயரைச் சொல்ல எஞ்சுபவர் யார்? அண்டை வீட்டாரும் மாண்டனர், ஊரும் அழிந்தது. 1953இல் எருசலேமில் நிறுவப்பெற்ற யாட் வஷேம் என்னும் நினைவகம் இவ்வினாவிற்கு விடை காண முற்பட்டது. நினைவுச் சின்னமும் பெயரும் என்பது அத்தொடரின் பொருள். எஞ்சிய உற்றாரும் நண்பரும் மாண்டவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு தாள் என எழுதித் தந்த சான்றுத் தாள்கள் அங்குக் குவிந்துள்ளன. பிற ஆவணங்களிலிருந்து திரட்டியவற்றையும் சேர்த்து 48 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் மீட்கப்பட்டுள்ளன. எஞ்சியவற்றை மீட்பது எளிதன்று. சொல்லக்கூடியவர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர்.

இந்நிலையில், யூதர் குடிவழி ஆய்வு என்னும் துறை பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களால் வளர்ந்தது என்பது எண்ணி வியக்கத்தக்கது. இத்துறையில் பெயர் பெற்றவருள் ஒருவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து வணிகர் ஸ்டான்லி டயமண்ட். அவரைத் தேடலில் இறக்கியது பீட்டா தலசீமியா என்னும் குருதிக்கூறு. அதனை ஒரு மரபணு வழியே மட்டும் பெற்றவர் நலமாகவே வாழ்வர். தாய் தந்தை இருவரும் அக்கூறு உடையராயின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. மலேசிய மக்கள் நன்கறிந்த இந்நோய், கிழக்கு ஐரோப்பிய யூதரிடம் அரிது. தம் குடும்பத்தில் அது இருப்பதறிந்த டயமண்ட், உறவினர் எங்கெங்கு உள்ளனரோ அவர்கட்கெல்லாம் எச்சரிக்கை சொல்ல வேண்டும் என விழைந்தார். யாரென்றே அறியாத உறவினர்க்கு எவ்வாறு சொல்வது? முன்னோர் ஊராகிய போலந்தின் ஓஸ்த்ரூவ் மசோவியெட்ஸ்காவின் பிறப்பு, மண, இறப்புப் பதிவேடுகளை அவர் நாடினார். தமக்கு வேண்டிய பக்கங்களைப் பார்த்தவுடன் ஏட்டை மூடியிருந்தால் குறை சொல்வார் எவரும் இரார். அவரோ மைக்கேல் டோபையாஸ், ஸ்டீவன் செடெக் ஆகிய இருவரோடு சேர்ந்து, போலந்து யூதரின் பதிவேடுகள் அனைத்திற்கும் பெயரடைவு செய்யும் பணியை 1995இல் தொடங்கினார். அவர் 2021இல் மறைவதற்கு முன்பே அவ்வடைவில் சேர்ந்த பதிவுகள் 50 இலட்சத்தைக் கடந்திருந்தன.

அடைவு செய்தல் என்றால் என்ன என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ருசிய ஆட்சிக்குட்பட்ட போலந்தில் பிறப்புப் பதிவு, கட்டங்கட்டமாய் நிரப்பும் படிவம் அன்று. ஒரு கதைபோல் நீண்டு செல்லும் உரைநடை. இன்ன ஊரில், இன்ன நாளில், இன்ன மணிக்கு, இன்ன தொழில் செய்யும் இத்தனை அகவையுள்ள இன்னார் நேரில் வந்து, இன்ன சாட்சிகள் முன்னிலையில் ஒரு குழந்தையைக் காட்டினார் என அது செல்லும். நாளும் ஆண்டும் எண்ணால் அன்றி எழுத்தாலேயே எழுதப்பட்டிருக்கும். 1868 முதல் பதிவுமொழி போலிஷ் நீங்கி ருசியமாயிற்று. பழைய நாட்காட்டி, புதிய நாட்காட்டி என இரண்டு நாட்களும் இடம்பெற்றன. எழுத்தரின் கையெழுத்தோ, மாணவர் விடைத்தாள்களை முப்பதாண்டு திருத்திய ஆசிரியரையும் திகைக்க வைக்கும் தன்மையது. இந்தச் சுருள்களின் முன் அமர்ந்து, ஒரு பதிவிலிருந்து பெயர், தந்தை பெயர், தாய் பெயர், ஆண்டு, பதிவெண் ஆகியவற்றைப் பிரித்தெடுத்து எழுதுவதே அத்தொண்டு. ஒருவர் ஒரு மாலையில் சில பக்கங்களே செய்ய முடியும். ஓரெழுத்தைத் தவறாகப் படித்தால் அம்மனிதர் அடைவில் வேறொருவராகி விடுவார். தேடி வரும் பெயர்த்தி அவரைக் காணாமலே திரும்புவாள்.

எழுத்துப் பிழை இல்லாவிடினும் எழுத்து வேறுபாடு உண்டு. ஒரே குடும்பப் பெயரை மாஸ்கோவிட்ஸ் என ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'வீ' இடுபவரும் உளர்; 'டபிள்யூ' இடுபவரும் உளர். தமிழில் எழுதினால் இரண்டும் வகரமாகவே நிற்கும், சிக்கலே இல்லை! ஆனால் அமெரிக்கர் பயன்படுத்திய பழைய ஒலிக்குறி முறையில் ஒன்று 'எம்213' என்றும் மற்றொன்று 'எம்232' என்றும் வெவ்வேறு இடத்திற்குப் போய்ச் சேர்ந்தன. கேரி மோகொடாஃப் என்பவர், பாலத்தீனத்தில் 1921 முதல் 1948 வரை சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்ட 28,000 பேரின் பட்டியலைத் தொகுத்தபோது இக்குறையை உணர்ந்தார். ராண்டி டேட்ச் என்பவரும் துணைநிற்க, 1985இல் கிழக்கு ஐரோப்பிய ஒலிகளுக்கு ஏற்ற ஆறிலக்க முறை உருவாயிற்று. அதன்படி இரு வடிவமும் 645740 என்னும் ஒரே எண்ணில் வந்து சேரும். நுணுகிய ஒலியறிவும் பொறுமையும் கலந்த இப்பணியை மொழியாசிரியர் எவரும் மதிப்பர். அதே ஆண்டில் மோகொடாஃபும் சேலியன் சாக் அம்மையாரும் அவோடாய்னு என்னும் இதழைத் தொடங்கினர். நம் முன்னோர் என்பது அப்பெயரின் பொருள்.

இத்தகையோரைப் பாராட்டும் மரபும் உடன் வளர்ந்தது. யூதர் குடிவழிச் சங்கங்களின் அனைத்துலகப் பேரவை ஆண்டு மாநாட்டில் விருதுகள் வழங்குகின்றது; டயமண்டும் அதன் வாழ்நாள் சாதனை விருதினைப் பெற்றவர். எனினும் மனத்தைப் பெரிதும் தொடுவது ஜெர்மனியில் வழங்கப்பெறும் ஓபர்மாயர் விருதேயாகும். ஆர்தர் ஓபர்மாயர் என்னும் அமெரிக்கத் தொழில்முனைவர், தம் முன்னோரைத் தேடிக் கிரெக்லிங்கன் என்னும் ஜெர்மானியச் சிற்றூருக்குச் சென்றார். யூதரல்லாத உள்ளூரார் சிலர் தம் ஊர் யூதரின் வரலாற்றைத் தாமாகவே தேடித் தொகுத்து வைத்திருப்பதை அறிந்தார். அத்தகையோரைச் சிறப்பிக்கவே 2000ஆம் ஆண்டில் அவ்விருது தோன்றியது. பெர்லின் நகரச் சட்டமன்றக் கட்டடத்தில் சனவரித் திங்களில் வழங்கப்படலாயிற்று. பெற்றவருள் பள்ளி ஆசிரியர் பலர். புதர் மண்டிய கல்லறைத் தோட்டத்திற்கு மாணவரை அழைத்துச் சென்று, பாசி நீக்கி, எபிரேய எழுத்தைக் கற்றுக் கல் கல்லாகப் படித்தவர்கள் அவர்கள். தம் பாட்டன்மார் காலத்தில் அண்டை வீட்டார்க்கு நேர்ந்ததைக் கிளறுவது ஊரில் நற்பெயர் தரும் செயலன்று. ஏன் இதெல்லாம் இப்போது என்று கேட்பார் எங்கும் உளர். அவ்வினாவைத் தாங்கிக்கொண்டு அவர்கள் செய்த பணியால், கடல் கடந்து வாழும் குடும்பங்கள் தம் முன்னோர் வாழ்ந்த தெருவையும் உறங்கும் இடத்தையும் கண்டன. விருதுக்குரியோரை முன்மொழிந்தவருள் அக்குடும்பத்தார் பலர் இருந்தனர்.

மேடையேறியவர் சிலரே. அடைவின் பெரும்பகுதியை எழுதிய ஆயிரக்கணக்கான கைகள் யாருடையன என்பதைத் தேடி வருவோர் கேட்பதுமில்லை. பெயர்களை மீட்டவர் பெயரே மறைந்து நிற்பது ஒரு முரண். அவர்கள் அதனைக் குறையாகக் கருதியதாகத் தெரியவில்லை. அவர்கள் பணியில் ஒரு நெறி உண்டு. ஏட்டில் உள்ளதை உள்ளவாறே எழுத வேண்டும்; எழுத்தர் பிழைபட எழுதியிருந்தாலும் திருத்தலாகாது. தெளியாத எழுத்தை ஊகித்து நிரப்புதலும் கூடாது. ஆகவே அடைவில் ஆங்காங்கே, ஒரு குழந்தையின் பெயரருகே, ஒரு தாயின் பெயரருகே, சிறு வினாக்குறி ஒன்று நிற்கும். அடுத்து வருபவர் அந்தச் சுருளை மீண்டும் திறந்து, விளக்கை அருகே இழுத்து, அவ்வெழுத்தை இன்னொரு முறை பார்ப்பார்.