பந்தியில் இரண்டு பேர்

"அண்ணா, ராம் போட்டா லேக் போயிடுமா?"

ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து பிழைப்பவன் நான். வாரத்துக்குப் பத்துப் பேராவது இந்தக் கேள்வியோடு படியேறி வருவார்கள். போகும் என்றோ போகாது என்றோ நான் சொல்வதில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்வேன். எந்த விளையாட்டில் லேக் ஆகிறதோ அதையே என் மேஜையில் அரை மணி நேரம் விளையாடச் சொல்வேன். பக்கத்தில் இன்னொரு மானிட்டரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து, வந்தவன் விளையாட்டைப் பார்க்க, நான் அந்த மானிட்டரைப் பார்ப்பேன்.

மெமரி தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டி, கூடவே டிஸ்க்கும் நூறைத் தொட்டு நின்றால், ராம் பற்றவில்லை என்று பொருள். இடமில்லாததை விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது. திரும்ப எடுத்து வரும் நேரத்தில்தான் திரை உறைகிறது. கிராபிக்ஸ் கார்டு தொண்ணூற்றெட்டில் ஓடிக்கொண்டிருந்தால் எத்தனை ராம் போட்டாலும் காசு வீண். கார்டு பாதி வேலைகூடப் பார்க்காமல் இருக்க, எஃப்பிஎஸ் மட்டும் குறைவாக இருந்தால் சந்தேகம் பிராசசர் மேல் போக வேண்டும், அல்லது பிராசசருக்குத் தீனி போடும் மெமரியின் மேல். முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு தொய்ந்தால் ஹீட்சிங்க்கைக் கழற்றிப் பார்ப்பேன். அனேகமாகத் தூசியும் காய்ந்துபோன பேஸ்ட்டும்தான் இருக்கும்.

2023இல் பெரம்பூரிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் வந்தான். ரைசன் 5 5600ஜி, ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஜிடிஏ 5இல் ஊருக்குள் வண்டி ஓட்டினால் விட்டு விட்டு நிற்கிறது என்றான். அந்த ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு 16 ஜிபி ஸ்டிக் ஒன்றைப் போட்டுத் தரச் சொல்லிப் பணத்தோடு வந்திருந்தான். ஸ்டிக்கின் மேல் 3200 என்று அச்சிட்டிருந்தது. டாஸ்க் மேனேஜரோ 2133 என்றது. வாங்கிய நாள் முதல் அவன் காசு கொடுத்த வேகம் அவனுக்குக் கிடைக்கவே இல்லை.

இந்த இடத்தில் நான் எல்லோருக்கும் கல்யாணப் பந்தியைத்தான் சொல்வேன். ராமின் அளவு என்பது சாம்பார் வாளி. வேகம் என்பது கரண்டி எவ்வளவு சுறுசுறுப்பாக ஓடுகிறது என்பது. சேனல் என்பது எத்தனை பேர் பரிமாறுகிறார்கள் என்பது. பெரிய வாளி வாங்குவதிலேயே எல்லோருக்கும் ஆசை. ஆனால் பந்தி நீளமாக இருந்து, பரிமாற ஒரே ஆள் என்றால், வாளி நிறைந்திருந்தும் கடைசி இலை காய்ந்துதான் கிடக்கும்.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. டிடிஆர்4இல் ஒரு சேனலின் அகலம் 64 பிட், அதாவது 8 பைட். 2133 வேகத்தில் நொடிக்குச் சுமார் 17 ஜிபி தரவு போகும். 3200இல் அதுவே 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக் போட்டு இரண்டு சேனலும் திறந்தால் 51.2 ஜிபி. 5600ஜியின் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. ஆகவே பிராசசரும் கிராபிக்ஸும் அந்த ஒற்றை ஆளையே கூப்பிட்டுக்கொண்டிருந்தன. பையன் கேட்ட 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கைப் போட்டிருந்தால் வாளி பெரிதாகியிருக்கும், பரிமாறுகிறவர் ஒருவராகவே இருந்திருப்பார்.

அவனுடைய ஸ்டிக்கின் பார்ட் நம்பரை எழுதிக்கொண்டு தெருவில் இறங்கினேன். மூன்றாவது கடையில் அதே நம்பர் கிடைத்தது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இரண்டையும் சொருகி, பயாஸுக்குள் போய், அச்சிட்ட வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்தேன். மறுபடி அதே ஊர், அதே தெரு. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினான். "அண்ணா, இது என் சிஸ்டம்தானா?" என்றான். பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் என்னைப் பிடித்து வைத்திருப்பது இப்படிப்பட்ட பத்து நிமிடங்கள்தான்.

அதே பார்ட் நம்பரைத் தேடி அலைந்ததற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், வேகம் ஒன்றுதானே என்று இரண்டு வேறு கம்பெனி ஸ்டிக்குகளை ஒருவருக்குப் போட்டுக் கொடுத்தேன். என் மேஜையில் ஓடியது. அவர் வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை நீலத்திரை வந்தது. அவர் எடிட் செய்துகொண்டிருந்த ஒரு கல்யாண வீடியோ பாதியில் கெட்டுப்போனது. அன்றிலிருந்து மெம்டெஸ்ட்86 ஒரு ராத்திரி முழுக்க ஓடி, ஒரு பிழைகூட இல்லை என்று காட்டாத மெஷின் என் அறைப்படி இறங்கியதில்லை.

ராம் பெட்டியின் மேல் இருக்கும் எண்களில் சிஎல் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கூப்பிட்ட குரலுக்குப் பரிமாறுகிறவர் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் அது. 3200 சிஎல்16, 3600 சிஎல்18, டிடிஆர்5இல் 6000 சிஎல்30 மூன்றுக்குமே கணக்குப் போட்டால் 10 நானோ நொடிதான் வரும். சிஎல் எண் பெரிதாக இருக்கிறதே என்று டிடிஆர்5ஐக் கண்டு தயங்குகிறவர்களுக்கு இதை ஒரு தாளில் எழுதிக் காட்டுவேன். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்திச் சொருகப் பார்த்து ஸ்லாட்டை உடைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

ஏஎம்5 போர்டில் நாலு ஸ்லாட்டையும் நிரப்பச் சொன்னால் மறுத்துவிடுவேன். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலு என்றால் 3600. இரண்டு 16 ஜிபி போதும், இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். முதல் முறை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை இருட்டாகவே இருக்கும். மெமரியை போர்டு பழகிக்கொள்கிற நேரம் அது. பயந்து ஸ்விட்சை அணைக்கக் கூடாது.

கை வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராமைத் தொடுவதற்கு முன், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் இரும்புப் பெட்டியைத் தொட்டுக்கொள்வேன், உடம்பிலுள்ள மின்னூட்டம் இறங்கட்டும் என்று. பழைய ஸ்டிக்கின் தங்க நிற விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெல்லத் துடைப்பேன். ராம் போய்விட்டது என்று வந்த எத்தனையோ மெஷின்கள் அந்த ஒரு துடைப்பில் உயிர் பெற்றிருக்கின்றன. சொருகும்போது 'க்ளிக்' சத்தம் காதில் விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள போர்டுகளில் மறுமுனை சரியாக இறங்கியதா என்பதை விரலால் தடவிப் பார்த்தே உறுதி செய்வேன்.

2025 கடைசியில் ராம் விலை ஏறியது. ஏஐ தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் பெயரில் வீட்டு உபயோகத்துக்கு விற்பதை நிறுத்தப்போவதாகவே அறிவித்தது. அந்தச் செய்தி எனக்குச் சொந்த வீட்டு இழப்பு மாதிரி வலித்தது. நான் போட்ட ஸ்டிக்குகளில் பாதி அவர்களுடையவை. இந்த விலையில், தேவையில்லாத ஒரு ஸ்டிக்கை ஒரு பையன் தலையில் கட்டுவது பாவம். ஹார்டு டிஸ்க்கில் விளையாட்டை வைத்திருப்பவன் முதலில் ஒரு எஸ்எஸ்டி வாங்கட்டும்.

பெரம்பூர்ப் பையன் போன வாரம் போன் செய்தான். வேலைக்குப் போகிறானாம், கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணம் சேர்த்திருக்கிறானாம். யாரோ ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகத் தருகிறார்கள் என்றான். அந்தக் கார்டுக்குத் தரவு போய்வர நாலு பிசிஐஇ பாதைதான். 5600ஜியோ பிசிஐஇ 3.0 வரைதான் பேசும். இரண்டும் சேர்ந்தால் மறுபடியும் பந்தியில் ஆள் பற்றாத கதைதான். அவனுடைய எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்று கேட்டேன், தெரியவில்லை என்றான்.

"எதுவும் வாங்காத தம்பி. ஞாயிற்றுக்கிழமை மெஷினைத் தூக்கிட்டு வா. இப்ப என்ன விளையாடுறியோ, அதையும் அதுலயே வச்சுக் கொண்டா" என்றேன்.