காவலுக்கு ஒரு காவல்

காவல் என்னும் சொல்லைத் தமிழர் இரு பொருளில் வழங்கி வருகின்றனர். தீங்கு அணுகாமல் பேணுவதும் காவல். தப்பிப் போகாமல் அடைத்து வைப்பதும் காவல். குடிகளைக் காப்பவன் காவலன். குற்றம் செய்தவன் வைக்கப்படும் இடமும் காவலே. பேணுதலும் அடைத்தலும் ஒரு சொல்லுக்குள் குடியிருப்பதை வகுப்பறையில் எடுத்துரைப்பது எளிது. வாழ்க்கையில் அவ்விரண்டும் ஒரே பொருளின்மேல் வந்து பொருந்துவதைக் காண்பது அரிது. அதனை நான் கண்டது ஐக்கிய அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஒரு துப்பாக்கிக் கடையில்.

2022ஆம் ஆண்டின் இறுதியில், ஹூஸ்டன் நகருக்கு வெளியே வாழும் என் அண்ணன் மகன் வீட்டில் இரண்டு திங்கள் தங்கியிருந்தேன். அவன் எண்ணெய் ஆலை ஒன்றில் பொறியாளன். மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. வீட்டில் அவன் மனைவியும், 15 வயது மகனும், 8 வயது மகளும். நான் போய்ச் சேருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் அதே தெருவில் இரண்டு வீடுகளில் கொள்ளை நடந்திருந்தது. அவற்றுள் ஒன்றில், ஆள் உள்ளே இருக்கும்போதே கதவை உதைத்துத் திறந்திருக்கிறார்கள். அதன் பின்னர், கணவன் இரவு வேலைக்குப் போகும் நாள்களில் மருமகள் உறங்குவதே இல்லை. கூடத்து விளக்கை அணைக்காமல் நாற்காலியில் அமர்ந்தபடியே விடியலை எதிர்பார்த்திருப்பாள்.

ஒரு நாள் காலை அவளே முடிவாகச் சொன்னாள்: "மாமா, பயந்து பயந்து எத்தனை நாள் விழித்திருப்பது? இந்த ஊரில் எல்லாரும் வைத்திருப்பதை நாமும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வோம்." அண்ணன் மகனும் இசைந்தான். "சனிக்கிழமை கடைக்குப் போகிறோம், சித்தப்பா. நீங்களும் உடன் வாருங்கள்" என்று என்னையும் அழைத்தான்.

மலேசியாவில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அவ்வழைப்பு வியப்பாக இருந்தது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஒருவர் துப்பாக்கி வைத்திருத்தல் இயலாது. 1971ஆம் ஆண்டில் வந்த சட்டமோ, கொள்ளை முதலிய குற்றங்களைச் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டவருக்கு மரண தண்டனையே விதித்தது. அது கட்டாயத் தண்டனை என்னும் நிலை 2023ஆம் ஆண்டில்தான் நீங்கியது. சிங்கப்பூரும் 1973ஆம் ஆண்டில் இத்தகைய கடுஞ்சட்டம் ஒன்றை இயற்றியது. ஆதலின், துப்பாக்கி என்பது வங்கி வாயிலில் காவலாளியின் தோளில் தொங்கும் பொருளாகவே நம்மவர்க்குத் தெரியும்.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தின் பிற்பகுதியில் நான் தோட்டத்துச் சிறுவன். துரை இடுப்பில் கைத்துப்பாக்கியோடுதான் பால்மரக் காட்டைப் பார்வையிட வருவார். அவருடைய பங்களாவைச் சுற்றி முள்வேலி. எங்கள் லயங்களைச் சுற்றியும் முள்வேலி. வேலிக்குள் இருந்த எங்கள் வீடுகளில் பால்வெட்டும் கத்தியைத் தவிர வேறு படைக்கலம் இருந்ததில்லை. துப்பாக்கி வேறு யாருக்கோ உரியது என்னும் எண்ணம் அந்நாளிலேயே என் மனத்தில் வேர்கொண்டு விட்டது.

அமெரிக்கர் நிலை வேறு. படைக்கலம் வைத்திருக்கும் உரிமை, 1791ஆம் ஆண்டில் அவர்களுடைய அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாம் திருத்தத்தில் இடம்பெற்றுள்ளது. தன் வீட்டில் தற்காப்பிற்காகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனிதரின் உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டில், ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தது. டெக்சஸ் மாநிலத்தில் வாங்குவதற்கென்று தனி உரிமம் வேண்டியதில்லை; காத்திருப்புக் காலமும் இல்லை. கடையில் வாங்குபவர் 21 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அவர் குற்றப் பின்னணி உடையவரா என்பதைக் கடைக்காரர் நடுவண் அரசின் பதிவேட்டில் உசாவ வேண்டும். நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்றவர்களும் வாங்கலாம். அண்ணன் மகன் அவ்வகையினன்.

கடைக்காரர் எழுபதை நெருங்கியவர்; படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். விற்பனைக்கு விரைபவராக அவர் தோன்றவில்லை. கண்ணாடிப் பேழையிலிருந்து இரண்டை எடுத்து மேசைமீது விரித்த துணியில் வைத்தார். இரண்டும் வெறுமையானவை என்பதைத் திறந்து காட்டிய பிறகே பேச்சைத் தொடங்கினார்.

ஒன்று சுழல்துப்பாக்கி, ரிவால்வர் என்று நாம் கூறுவது. சாமுவேல் கோல்ட் என்பவர் 1836ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது. அதன் உருளையில் 5 அல்லது 6 தோட்டாக்கள் அடங்கும். விசையை இழுக்குந்தோறும் உருளை சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வந்து நிற்கும். மற்றது பிஸ்டல். கைப்பிடிக்குள் செருகும் கூட்டில் 15, 17 என்று தோட்டாக்கள் அடுக்கப்பட்டிருக்கும். மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து விட்டால் முதல் தோட்டா அறைக்குள் ஏறும். பின்னர் ஒவ்வொரு வெடிப்பின் விசையும் அடுத்ததைத் தானே ஏற்றும். இன்று அமெரிக்கக் காவலர் பலர் தாங்குவது இவ்வகையே.

"முதன்முதலாக வாங்குபவர்க்கு எது நல்லது?" என்று அண்ணன் மகன் வினவினான்.

பெரியவர் நேரே விடை கூறவில்லை. மருமகளிடம் பிஸ்டலைக் கொடுத்து மேற்பகுதியை இழுக்கச் சொன்னார். இருமுறை முயன்ற பின்னரே அவளால் முடிந்தது. பிடி தளர்ந்தால் பிஸ்டல் சிக்கிக்கொள்வதுண்டு என்றார். கூட்டைக் கழற்றியவுடன் துப்பாக்கி வெறுமையாயிற்று என்று எண்ணுவோர் உளர் என்றும், அறைக்குள் ஏறிய ஒரு தோட்டா அங்கேயே தங்கியிருக்கும் என்றும், அந்த ஒன்றால் நேர்ந்த சாவுகள் பல என்றும் எச்சரித்தார். சுழல்துப்பாக்கியில் இக்குழப்பம் குறைவு. உருளையைத் திறந்தால் அனைத்தும் கண்ணுக்குத் தெரியும். எனினும் அதன் விசை கடினமானது. பழகாத கையில் குறி விலகும். சிறிய துப்பாக்கிதான் பெண்களுக்கு ஏற்றது என்னும் பேச்சை அவர் மறுத்தார். எடை குறையக் குறையக் கையை உதைக்கும் வேகம் மிகும். கனமானதே சுடுவதற்கு எளிது. எதை வாங்கினாலும் பயிற்சிக் களத்தில் நூற்றுக்கணக்கான தோட்டாக்களைச் சுட்டுப் பழகாதவர் வாங்கிப் பயனில்லை என்றார்.

அடுத்து அவர் கடைச் சுவரை விரலால் தட்டிக் காட்டினார். அந்நாட்டு வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் ஆனவை. உட்சுவர் என்பது சட்டத்தின் இருபுறமும் அறைந்த சுண்ணப்பலகையே. கைத்துப்பாக்கித் தோட்டா அதை எளிதில் துளைத்துச் செல்லும். "திருடனுக்குக் குறி வைக்கிறீர்கள். குறி தவறினால் தோட்டா எந்த அறைக்குப் போகும்? அங்கே யார் உறங்குகிறார்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியே அடுத்த கேள்விக்கு வாயிலாயிற்று. "உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?"

அண்ணன் மகன் பிள்ளைகளின் வயதைச் சொன்னான். 17 வயதிற்கு உட்பட்டவர் கைக்கு எட்டும்படி தோட்டா நிரம்பிய துப்பாக்கியை அசட்டையாக விட்டு வைப்பது டெக்சஸ் சட்டப்படி குற்றம் என்று பெரியவர் நினைவூட்டினார். பின்னர், குரலைச் சிறிது தாழ்த்தி, "எல்லாரும் மன நலத்தோடு இருக்கிறார்களா?" என்றார்.

அண்ணன் மகன் வாய் திறக்கவில்லை. துப்பாக்கி வேண்டும் என்று முதலில் சொன்ன மருமகளே பேசினாள். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தபோது மகன் நண்பர்களை இழந்து தனிமைப்பட்டான் என்றும், பள்ளி திறந்த பிறகும் அவன் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றும், பள்ளியின் ஆலோசகர் அவனைக் கவனித்துக்கொள்ளுமாறு பெற்றோரிடம் கூறியிருக்கிறார் என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அயலவர் ஒருவரிடம் அவள் அதைச் சொன்னது அதுவே முதன்முறை என்று பின்னர் அறிந்தேன்.

பெரியவர் இரண்டு துப்பாக்கிகளையும் எடுத்துப் பேழைக்குள் வைத்துப் பூட்டினார். "இன்று உங்களுக்கு விற்க மாட்டேன், அம்மா. பையன் தேறட்டும். பிறகு வாருங்கள்" என்றார்.

அன்று அவர் செய்தது தம் வணிகத்துக்கு இழப்பு. ஆயினும் அவருடைய அறிவுரைக்கு வலுவான அடிப்படை உண்டு. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் துப்பாக்கியால் மாண்டவர் 48,830 பேர்; அவருள் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர். பாதிக்கும் மேற்பட்டவர்க்கு எமனாக வந்தவன் வெளியிலிருந்து வந்த கள்வன் அல்லன். கலிபோர்னியாவில் 2 கோடியே 60 இலட்சம் பெரியவர்களை 12 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து ஆராய்ந்த முடிவுகள், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2020ஆம் ஆண்டில் வெளிவந்தன. கைத்துப்பாக்கி உடைமையாளர் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், அஃது இல்லாதவரைவிட ஆண்களிடையே சுமார் 8 மடங்கு, பெண்களிடையே சுமார் 35 மடங்கு மிகுந்திருந்ததாம். துயர் மிக்க ஒரு மணிநேரம் கடந்துபோனால் பிழைத்து வாழக் கூடியவர் பலர். வேறு வழிகளை நாடியவரில் மீண்டு வந்தவர் ஏராளம். துப்பாக்கியை நாடியவரிலோ பத்தில் ஒருவர் மீள்வதே அரிது. அந்த ஒரு மணிநேரத்தில் கைக்கு எட்டும் தொலைவில் அது இருந்ததா இல்லையா என்பதே உயிரின் கணக்காகி விடுகிறது.

மருமகளின் அச்சம் பொய்யன்று. அதற்கும் ஒரு மறுமொழி வேண்டுமல்லவா? அதையும் அப்பெரியவரே சொல்லி அனுப்பியிருந்தார். கதவு உதைபட்டுத் திறப்பது பெரும்பாலும் பூட்டின் குறையால் அன்று; பூட்டின் நாக்கு நுழையும் தகட்டை நிலையோடு பிணைக்கும் திருகாணிகள் குட்டையாக இருப்பதால். அவற்றைக் கழற்றிவிட்டு 3 அங்குலத் திருகாணிகளைப் பொருத்தினால் அவை நிலையைக் கடந்து சுவர்ச்சட்டத்தையே பற்றிக்கொள்ளும். மறுநாள் நாங்கள் மூன்று கதவுகளுக்கும் அதைச் செய்தோம். துளையிடும் கருவியைப் பிடித்தவன் அந்தப் 15 வயதுப் பையன்தான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் அரை நாள் முழுதும் எங்களோடு இருந்தான். ஆள் நடமாடினால் எரியும் விளக்குகளை வாசலிலும் கொல்லையிலும் மாட்டினோம். படுக்கையறைக்குக் கெட்டியான கதவு வைக்கப்பட்டது. ஓசை கேட்டால் பிள்ளைகளோடு அவ்வறைக்குள் சென்று தாழிட்டுக் காவல் துறையை அழைப்பது என்று அவர்கள் முறை வகுத்துக்கொண்டார்கள். அவ்வாரமே மருமகள் நான்கு மணிநேரம் உறங்கினாள்.

திருக்குறளில் அரண் என்றோர் அதிகாரம் உண்டு. தமிழாசிரியர்கள் அதனைப் பலமுறை நடத்தியிருப்பார்கள். எத்துணைச் சிறந்த கோட்டையாயினும் உள்ளிருப்போர் செயலில் சிறந்தவராக இல்லாவிடில் அஃது இருந்தும் இல்லாததே என்னும் கருத்தோடு வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடிக்கிறார். மதிலைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் மனிதரைப் பற்றிப் பேசி முடிப்பது எண்ணத்தக்கது. அந்தக் கடைக்காரர் குறள் அறிந்தவர் அல்லர். எனினும் அவரும் துப்பாக்கியில் தொடங்கி வீட்டாரில் முடித்தார்.

துப்பாக்கி வாங்குவோரை இழித்துரைப்பது என் நோக்கம் அன்று. காவல் நிலையத்திற்கு வெகுதொலைவில், தனித்து வாழும் ஒருவர் தக்க பயிற்சியோடு அதை வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் எந்தத் துப்பாக்கி என்னும் கேள்விக்கு முன்னர் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கள்வன் வருவது வாழ்நாளில் ஒரு முறை, வராமலும் போகலாம். அவன் வராத பல்லாயிரம் இரவுகளில் அந்தப் பொருள் எங்கே இருக்கும்? யார் கைக்கு எட்டும்? வீட்டைக் காக்கும் பொருளை வீட்டார் காவலில் வைக்க இயலுமாயின் அது காவல். இயலாதாயின், கள்வனுக்கு முன்பே வீட்டுக்குள் வந்து குடியேறிய பகை.

பையன் மருத்துவரின் துணையோடு மெல்லத் தேறினான். 2025ஆம் ஆண்டில் கல்லூரியில் சேர்ந்தான். அதன் பிறகு ஒரு நாள் மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றில் சேர்ந்து முடித்துவிட்டதாகவும், எண் பூட்டு உள்ள எஃகுப் பெட்டி ஒன்றை வாங்கிச் சுவரோடு பிணைத்துவிட்டதாகவும் சொன்னாள்.

"உள்ளே என்ன வைத்திருக்கிறாய், அம்மா?" என்று கேட்டேன்.

"கடப்பிதழ்களும் என் தாலிக்கொடியும், மாமா. மற்றதை இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். சின்னவளுக்கு 11 வயதுதானே ஆகிறது" என்றாள்.