இடது காதில் கணினி, வலது காதில் கஸ்டமர்!

கோவையில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையம். மதிய ஷிஃப்ட். சுற்றிலும் எல்லோருடைய மானிட்டரும் மின்ன, ஒரே ஒரு மேஜையில் மட்டும் திரை அணைந்தே கிடக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்து விறுவிறுவென டைப் செய்துகொண்டிருக்கிறார் 26 வயதுப் பெண் ஒருவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பெயர் வேண்டாம் என்கிறார்.

அவருக்கு மானிட்டர், ஹெட்போன்தான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் 'என்விடிஏ' என்ற மென்பொருள் காதுக்குள் பேசிக்கொண்டே இருக்கும். 2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் தொடங்கியது, அவரும் பார்வையற்றவர். இலவசம் என்பதால் நம் ஊர் மாணவர்களுக்கும் எட்டியது. அது பேசும் வேகத்தைப் பழகாத காதில் கேட்டால் வெறும் இரைச்சல்தான். அவருக்கோ அதுதான் நிதானமான வேகம்.

வேலையில் சேர்ந்த புதிதில் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. அலுவலகம் கொடுத்தது ஒற்றைக் காது ஹெட்செட். வலது காதில் அதை மாட்டி கஸ்டமரிடம் பேசினால், கணினி பேசுவதை எதில் கேட்பது? ஸ்பீக்கரில் விட முடியாது. ஊரார் கணக்கு விவரமெல்லாம் ஹால் முழுக்க ஒலிக்கும். இடது காதில் தனியாக ஓர் இயர்போன் மாட்டிக்கொண்டார். "பாட்டு கேட்டுக்கிட்டா வேலை பார்க்குற?" என்று கேட்டவர்களும் உண்டு.

அந்த வயர் அடிக்கடி சிக்குவதைப் பார்த்த தம்பி, தன் முதல் சம்பளத்தில் ப்ளூடூத் இயர்போன் வாங்கிக் கொடுத்தான். வினையே அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

ஒருநாள் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கிரெடிட் கார்டு நிலுவை எவ்வளவு என்று கேட்டார். காதில் விழுந்தது '2,400'. அதையே சொன்னார். பெரியவரும் அன்றே கட்டிவிட்டார். உண்மையில் திரையில் இருந்தது 'மைனஸ் 2,400'. அதாவது, அவர் ஏற்கெனவே கூடுதலாகக் கட்டியிருந்த பணம். விஷயம் தெரிந்ததும் பெரியவர் புகார் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அப்போது தகுதிகாண் பருவம் முடிய 3 வாரம்தான் பாக்கி.

"உனக்கு மெயில் டீம்தான் சரிப்படும்மா" என்றார் டீம் லீடர். கனிவாகத்தான் சொன்னார். ஆனால், அங்கே சம்பளம் குறைவு. அதைவிட, தன் காது தப்பாகக் கேட்டது என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

அன்றிரவு வீட்டில் தம்பியோடு உட்கார்ந்தார். 'மைனஸ் 2,400' என்று டைப் செய்துவிட்டு, கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் இருந்து வாசிக்கவைத்தார். "2,400" என்றது. உடனே மறுபடி வாசிக்கவைத்தால், "மைனஸ் 2,400". சத்தம் வராதபோது அந்த ப்ளூடூத் கருவி சார்ஜை மிச்சப்படுத்த அரைத்தூக்கத்துக்குப் போய்விடுகிறது. மறுபடி ஒலி வந்ததும் விழிப்பதற்குள் முதல் சொல் போய்விடுகிறது. பாட்டு கேட்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. கஸ்டமர் பேசும்போது கணினி மெளனமாக இருக்கும் அவருக்குத்தான் வம்பு.

மறுநாள் டீம் லீடரிடம் போனார். "சார், ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு இதைக் கேளுங்க."

வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார். இரண்டு முறை கேட்டுவிட்டு, மூன்றாவது முறை அவரே பட்டனை அழுத்திப் பார்த்தார். அதற்குப் பிறகு மெயில் டீம் பேச்சு எழவில்லை.

இப்போது அவரிடம் இருப்பது இரண்டு காதையும் மூடும், வயர் உள்ள யுஎஸ்பி ஹெட்செட். என்விடிஏ-வில் 2024-ல் வந்த ஒரு வசதியால், மென்பொருளின் குரல் இடது காதிலும் மற்ற ஒலிகள் வலது காதிலும் தனித்தனியாக வருகின்றன. காதை மூடும் வகையைக் கேட்டு வாங்கியதற்கும் காரணம் உண்டு. ஹாலின் இரைச்சல் உள்ளே வந்தால் வால்யூமைக் கூட்டத் தோன்றும். தினமும் 8 மணி நேரம் அப்படிக் கேட்டுக் காதும் போனால், அவருக்கு வேறு என்ன மிச்சம்?

வயரிலும் தொல்லை இல்லாமல் இல்லை. ஒருமுறை பக்கத்து நாற்காலியின் சக்கரம் இழுத்து வயர் பிடுங்கிக்கொண்டது. குரல் லேப்டாப் ஸ்பீக்கருக்குத் தாவி, ஒருவருடைய போன் நம்பரை உரக்க வாசிக்க ஆரம்பித்தது. கன்ட்ரோல் கீயைத் தட்டி வாயை அடைத்தார். அன்றிலிருந்து மேஜைக்கு அடியில் வயரை டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்.

ஹேண்ட்பேக்கில் எப்போதும் விரல் அளவு யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்றும், பழைய இயர்போனும் இருக்கும். அப்டேட் ஏதாவது வந்து ஒலி நின்றுபோனால், நமக்குத் திரை இருண்ட மாதிரி. சரிசெய்வதற்கும் குரல்தானே வேண்டும்? "கண்ணாடி போடுறவங்க இன்னொண்ணு வெச்சுக்குவாங்கள்ல, அது மாதிரி" என்கிறார்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. பெரியவர் கட்டிய பணம் அடுத்த பில்லில் கழிக்கப்பட்டது. தம்பி கொடுத்த ப்ளூடூத்தைத் தூக்கிப் போடவில்லை. இரவில் இளையராஜா கேட்பதற்கு வைத்திருக்கிறார். பாட்டில் முதல் சொல் போனால் பரவாயில்லையாம், அது மனப்பாடம்!